வரம்போரத்துக் கீரையும் வாடியடுப்பும்

கல்முனைப் பிரதேசத்தின் வளத்தைப் பற்றி எழுதப்புகுவோர் நெல்லையும் கடல் மீனையும் மருதமுனைக் கைத்தறியையும் விரித்துரைத்தபின், சொல்ல வேண்டியவை யாவற்றையும் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு பேனாவை மூடிவிடுவது பெரும்பாலும் வழக்கமாயிருக்கின்றது. எவரும் விதைக்காமலும் உரமிடாமலும் வரம்பிலும் வாய்க்காலோரத்திலும் வளவு வேலியிலும் தாமே முளைத்து, தலைமுறை தலைமுறையாக எளிய குடும்பங்களின் பகலுணவில் சோற்றுக்கு அடுத்த ஸ்தானத்தை வகித்துவந்த இலைகளும் கிழங்குகளும் கனிகளும் அவ்வெழுத்துக்களில் இடம்பெறுவது அரிது. விற்கப்படாத பொருளுக்கு விலையில்லை. விலையில்லாததற்குப் புள்ளிவிவரம் இல்லை. புள்ளிவிவரம் இல்லாததை அரசாங்க அறிக்கைகள் காண்பதில்லை. இவ்வுணவு எங்கே கிடைக்கின்றது, அதை எடுப்பவர் யார், வெளியடுப்பில் அதை எவ்வாறு பக்குவம் செய்தனர், அது அருகிவருவதன் காரணம் யாது என்பனவற்றை ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டுணவு என்றவுடன் நமது மனம் அடர்ந்த வனத்தையும் அதில் வேட்டையாடித் தேனெடுக்கும் வேடரையும் எண்ணுவது இயல்பே. ஆனால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் முஸ்லிம் ஊர்களுக்கு அவ்வெண்ணம் பொருந்துவதில்லை. கிழக்கே வங்கக்கடல், அதையடுத்து ஒடுங்கிய மணற்பட்டையில் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் வீடுகள், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல், அதாவது இவ்வூரார் வட்டை என்று சொல்லும் வெளி. பழைய கரவாகுப்பற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் கரவாகு வட்டை அவற்றுள் ஒன்று. வட்டைக்கு அப்பால் ஒருகாலத்தில் இருந்த காடும், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டுவதற்காக 1949இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் பின்னர், பெரும்பகுதி வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் குடியேற்றமாகவும் மாறிப்போயிற்று. ஆகவே இவ்வூர்ப் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்த கீரை வனத்தின் கொடையன்று. மண்ணைக் கிளறி, நீரைத் தேக்கி, வரம்பு கட்டி மனிதன் செய்த வேளாண்மையின் ஓரங்களில், அவன் கேளாமலே அவனுக்குக் கிடைத்த உபவிளைச்சலாகும். கலப்பை சென்ற இடத்தைப் பின்தொடர்ந்து வாழும் சுபாவமுடையவை இத்தாவரங்கள். இதனை மனத்தில் இருத்திக்கொண்டாலன்றி, பின்னர் இவற்றுக்கு நேர்ந்த கதியை விளங்கிக்கொள்ள இயலாது.

மாரி பிறந்து நிலம் நனைந்ததும் வரம்புகளில் பொன்னாங்காணியும், ஈரம் வற்றாத தாழ்ந்த புற்றரையில் வல்லாரையும் தலைகாட்டும். வாய்க்காலில் நீரோட்டத்தின்மேல் வள்ளைக்கீரை படரும். சந்தையில் இன்று கங்குன் என்றே இது விலை கூறப்படுகின்றது. கோடையில் குளம் வற்றிச் சேறு வெடிக்கும் தறுவாயில், அவ்வெடிப்புகளின் நடுவே கைப்பு மிகுந்த திராய் நிலத்தோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். மணற்பாங்கான வெறுநிலத்தில் சாரணையும், உவர்நீர் ஏறியிறங்கும் கழியோரங்களில் உப்புச் சேர்க்க வேண்டாத உமரியும் முளைப்பன. அலம்பலும் பூவரசும் கிளுவையும் கொண்டு கட்டிய வேலிகளோ தனியொரு தோட்டமாகவே விளங்கின: முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, முடக்கொத்தான், முசுமுசுக்கை, கோவை ஆகிய கொடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடக்க, வீட்டுப் பெண் உம்மாவின் ஏவலின்படி வாசலைத் தாண்டாமலே ஒரு நேரக் கறிக்கு வேண்டிய இலையை ஆய்ந்துகொள்வாள். குளத்து அல்லியின் கிழங்கையும், அதன் காயினுள் கடுகென நிறைந்திருக்கும் விதையையும் அவித்துண்ணும் வழக்கம் பஞ்ச காலங்களில் இத்தீவின் உலர்வலயம் முழுவதிலும் இருந்தது. கனிகளைப் பொறுத்தவரையில், தெற்கே பொத்துவிலைத் தாண்டி பாணமை, லகுகலைப் பக்கத்துக் காடுகளே பேர்பெற்றவை. உதடுகளை ஒட்டவைக்கும் பாலைப்பழமும், வீரையும், சூரையும், விளாவும், நாவலும் பருவந்தோறும் அங்கிருந்து கடலோரச் சந்தைகளுக்கு வந்தன. லகுகலை 1980இல் தேசிய வனம் ஆக்கப்பட்டபின் அதனுள் ஓர் இலையைக் கிள்ளுவதும் சட்டப்படி குற்றமாயிற்று. யானைக்கு அது நன்மையே. பழம் பொறுக்கி விற்றுச் சீவித்தவரைப் பற்றி அச்சட்டத்தை ஆக்கியோர் அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இவ்வறிவு எல்லாம் பெண்களிடத்தே இருந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள்; அது பாதி உண்மையே. வேலிக்கொடியும் வீட்டு மருந்தும் பெண்களின் அறிவு. வட்டையின் அறிவோ இருபாலார்க்கும் உரியதாயினும், அதனுள் ஏழை பணக்காரன் என்ற பேதம் ஆழமாக இருந்தது. வயலுக்குரிய போடியாரும் நீரைப் பங்கிடும் வட்டை விதானையாரும் கீரை பறிப்பதில்லை. களை பிடுங்கச் சென்ற பெண்களும், வெள்ளாமை வெட்டியபின் கதிர் பொறுக்கச் சென்ற விதவைகளும், காவல் கிடந்த வயற்கூலிகளான முல்லைக்காரருமே எந்த வரம்பில் எது எப்போது தளிர்க்கும் என்பதை அறிந்திருந்தனர். களை பிடுங்கும் பெண்ணின் கையில் களையும் கறியும் ஒரே கணத்தில் பிரிந்தன. எறிய வேண்டியது ஒரு கையிலும் எடுக்க வேண்டியது மறு கையிலுமாக அவள் நடந்தாள்.

வறுமைக்கும் இவ்வகைக் கீரைக்கும் உள்ள சம்பந்தம் தமிழிலக்கியத்தில் மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையில் பசித்த பாணன் குடும்பத்துப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கின்றாள். கணவனை இழந்தவள் அல்லியரிசி உண்ணும் நிலையைப் புறநானூற்றின் 248ஆம் பாட்டு பேசுகின்றது. அவ்வாறாயின் விதையாத விளைவு எப்போதும் இழிவாகவே கருதப்பட்டதோ என்றால், அதுவுமில்லை. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளையும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கையும் கபிலர் ஒரு நாட்டின் வல்லமையாகவே எடுத்துக்காட்டுகின்றார். நாணத்துக்குக் காரணம் இலையன்று. அதனைத் தவிர வேறொன்றும் இல்லாமையே. இப்பேதத்தை மறந்துவிட்டு, எங்கள் முன்னோர் கீரையுண்டு நூறாண்டு வாழ்ந்தனர் என்று பெருமை பாராட்டும் இக்காலத்துப் பேச்சுக்களை நம்மால் முழுமனத்தோடு ஏற்க முடிவதில்லை. உம்மாமார் பலர் அதை விரும்பியே சமைத்தார்கள் என்பதும் உண்மை. வேறு வழியின்றிச் சமைத்த நாட்களும் உண்டு என்பதும் உண்மை.

பக்குவத்துக்கு வருவோம்; இவ்விஷயத்தில்தான் இப்பிரதேசத்தின் அநுபவம் மிகச் செறிவாகக் கிடைக்கின்றது. கீரைச் சுண்டல் என்பது இங்கு பயறு கடலைகளைக் குறிப்பதன்று. இலையை நூலாக அரிந்து, மண்சட்டியில் வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் இட்டு, மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பூவும் பிசறிச் சேர்த்து, மாசிக்கருவாட்டுத் தூளோ கூனியோ தூவி, சிரட்டை அகப்பையால் இரண்டு மூன்று முறை புரட்டி, இலையின் பசுமை மாறுமுன் இறக்கி, இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுவது அதன் முறை. இதில் ஒவ்வோர் அங்கத்துக்கும் காரணம் உண்டு என்பதை இன்றைய போஷாக்கியல் எடுத்துரைக்கின்றது. கீரையிலுள்ள கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தாலன்றி உடம்பில் நன்றாகச் சுவறாது. தேங்காய் அக்கொழுப்பைத் தருகின்றது. தாவரத்திலுள்ள இரும்பைக் குடல் ஏற்றுக்கொள்வதற்கு விற்றமின் சியும் சிறிதளவு மீனும் துணைசெய்கின்றன; தேசிக்காயும் மாசியும் அவ்வேலையைப் பார்க்கின்றன. தேசிக்காயின் விற்றமின் வெப்பத்தில் அழியக்கூடியது. அதனைச் சட்டியை இறக்கியபின் விடவேண்டும் என்று கற்பித்த உம்மம்மாமாருக்கு இரசாயனம் தெரியாது, ஆனால் அடுப்பில் கொதித்த புளி கைத்துப்போகும் என்பது தெரியும். நாவின் பரீட்சையே அங்கு விஞ்ஞானத்தின் வேலையைச் செய்தது.

கைப்பு மிகுந்தவற்றை ஆணமாக வைப்பதுமுண்டு. இரண்டாம் பாலில் வெந்தயமும் உள்ளியும் சேர்த்து இலையை அவித்து, இறக்கும் தறுவாயில் தலைப்பாலை விட்டு ஒரு கொதி வருமுன் எடுத்துவிட வேண்டும். பொங்கவிட்டால் பால் திரைந்துவிடும். காறலும் நமைச்சலும் உடைய சேம்பு வகைகளுக்குப் பழப்புளியும் நீண்ட வேக்காடும் வேண்டும். சாரணை போன்ற ஒக்சலேற்று மிகுந்த கீரைகளை அவித்து, அந்நீரை வடித்துக் கொட்டிய பின்னரே சுண்டல் செய்வது நலம். நீரோடு சில சத்துக்கள் போவது மெய்யே எனினும், சிறுநீரகக் கல் உள்ளவருக்கு அந்நஷ்டமே இலாபம். பச்சரிசிக் கஞ்சியில் வல்லாரை அல்லது முடக்கொத்தான் சாறும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சும் இலைக்கஞ்சி தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று இனத்தாரும் உரிமை கொண்டாடும் பதார்த்தம். அவ்வுரிமைப் போட்டியால் இதுவரை எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பது நமது நாட்டின் சரித்திரத்தில் அபூர்வமான சங்கதியே.

வெளியடுப்பின் சமையல் இதனினும் சுருக்கமானது. கரைவலை இழுப்போர் கடற்கரைக் குடிலாகிய வாடியிலும், வெள்ளாமைக்குக் காவலிருப்போர் வட்டை வாடியிலும் கொண்டுசெல்லும் சாமான்கள் அரிசி, உப்பு, கொச்சிக்காய், கருவாடு, ஒரு சட்டி, ஒரு பானை என்ற அளவில் முடிந்துவிடும். மற்றவற்றை இடமே கொடுக்க வேண்டும். மூன்று கல் கிடைத்தால் கல், கிடையாவிட்டால் காய்ந்த மண்கட்டி. வைகாசி ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து அனலாக வீசும் கச்சான் காற்றில் திறந்த அடுப்பு எரித்தால் தீ சட்டிக்குப் போகாமல் நெற்கதிர்ச் சூட்டுக்கும் வைக்கோலுக்கும் போய்விடும் அபாயம் உண்டு. ஆகவே நிலத்தில் குழி பறித்து, காற்றுக்கு முதுகு காட்டி அடுப்புவாயைத் திருப்பிவைப்பர். பன்னாடையில் தீ மூட்டி, தென்னை மட்டையும் பாளையும் எரித்து, சோறு வெந்ததும் சிரட்டைத் தணலில் கருவாட்டைச் சுடுவார்கள். சுட்ட கருவாட்டை வெங்காயத்தோடும் கொச்சிக்காயோடும் நசுக்கித் தேசிக்காய் விட்டுப் பிசைந்தால் சம்பல். எஞ்சிய தணலில், நனைத்து அரிந்த பொன்னாங்காணியை உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினால் கறி. சாம்பலுக்குள் புதைத்த மரவள்ளிக்கிழங்கு பின்நேரத் தேநீருக்கு. எண்ணெய் என்ற ஒன்று இவ்வட்டவணையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மண்சட்டி தாமதமாகச் சூடேறித் தாமதமாக ஆறும் தன்மையுடையதாதலால், தீ அணைந்த பின்னும் இலை தன் ஈரத்திலேயே வெந்து முடியும், விறகும் மிச்சம்.

வெளியடுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரால் ஆண்டுதோறும் கொடியேற்றிக் கந்தூரி கொடுக்கும் நாட்களில், பெரிய கிடாரங்கள் வெளியில் வரிசையாக ஏறும். அங்கே சமைப்பவர் ஆண்கள். கீரைக்கு அங்கு இடமில்லை, சோறும் இறைச்சியுமே மரியாதைக்குரியவை. ஒரே ஊரில், ஒரே விறகில், ஒன்று கொண்டாட்டத்தின் சமையலாகவும் மற்றொன்று உழைப்பின் சமையலாகவும் நின்றன. முன்னையது அழிந்துவிடுமோ என்று எவரும் கவலைப்படுவதில்லை.

ஆபத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். காந்தள் என்னும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென மயங்கி உண்டு இறந்தோர் இலங்கையில் உண்டு. அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு வேகவைத்தாலும் விலகுவதில்லை. மழைக்குப்பின் முளைக்கும் காளானுக்கு ஊருக்கு ஊர் ஒரு பரீட்சை கூறுவார்கள். உள்ளி கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் நல்லது என்பது அவற்றுள் ஒன்று. அதனை நம்பக்கூடாது. இனம் தெரிந்தவர் காட்டியதைத் தவிர வேறெதையும் எடுக்காமையே உறுதியான விதி. குறிஞ்சா என்ற பெயரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகள் வழங்குகின்றன. சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் சீனி மணலைப்போலச் சுவையற்றுத் தோன்றுவதையும், அது நீரிழிவுக்கு ஆகும் என்று வைத்தியர் கூறுவதையும் கேட்டுவிட்டு, ஆசுபத்திரி மருந்தை நிறுத்துவோரும் இருக்கின்றனர். கறி வேறு, ஔஷதம் வேறு. இவையன்றி, வெற்றுக்காலோடு சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலும் விரியன் பாம்பும் எப்போதும் உள்ள பயம். ஊர்க்கழிவு கலக்கும் வாய்க்காலின் வள்ளைக்கீரை எவ்வளவு தளதளப்பாக இருந்தாலும் அதைத் தொடாதிருப்பதே புத்தி.

பிறர் நிலத்தில் கீரை பறிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? எழுதிய சட்டம் எதுவும் அதனை வழங்கவில்லை. ஆயினும் வெள்ளாமையை மிதியாமல் வரம்பில் நடந்து ஒருத்தி இலை ஆய்ந்தால் அவளை ஏனென்று கேட்பது போடியாரின் தகுதிக்குக் குறைவு என்ற சம்பிரதாயம் இருந்தது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் விசுவாசிகள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி ஒன்று அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கின்றது. பிறருக்குச் சொந்தமான நிலத்தில் தானே முளைத்த புற்பூண்டுக்கும் அது பொருந்துமா என்பதில் மார்க்கச் சட்ட அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் சட்ட விவகாரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு நோக்கினால், வட்டையில் கீரை ஆய்ந்து, வாய்க்கால் நீரில் கழுவி, அயலாரிடம் தணல் வாங்கிச் சமைத்த ஒரு குடும்பத்தின் பகலுணவு அம்மூன்றினாலேயே ஆயிற்று என்பதைக் காணாதிருக்க முடியாது. சுவீடன் நாட்டில் பிறர் காணியினூடே நடந்து காட்டுக்கனியும் காளானும் பறிக்கும் உரிமை அனைவருக்கும் உண்டென்பது 1994 முதல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அங்கே எழுதியதனால் நிற்கின்றது. இங்கே எழுதப்படாத முறை, கேட்பாரின்றித் தேய்ந்துகொண்டிருக்கின்றது.

தேய்வுக்குக் காரணம் இளையோர் மறந்துவிட்டமையே என்று பலர் குறைகூறுவர். மறதி விளைவேயன்றிக் காரணமன்று என்பது நமது கருத்து. கிழக்கிலங்கையில் நாற்று நடுவதைவிட விதைத்தெறிவதே பெருவழக்கு. விதைத்த வயலில் களை அதிகம். கூலியாள் குறையக் குறையக் களைநாசினி அதன் இடத்தைப் பிடித்தது. நெல்லை விட்டுவிட்டு மற்றவற்றைக் கருக்கும் புரோப்பனிலும், அகன்ற இலைத் தாவரங்களைத் தேடிக் கொல்லும் எம்.சீ.பீ.ஏ.யும் வந்தபின், பொன்னாங்காணிக்கும் களைக்கும் பேதம் காணும் கை வயலில் இல்லாமற்போயிற்று. வரம்பைத் துப்புரவாக்குவதற்கு கிளைபோசேற்று வந்தது. 2015இல் அது தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்டது. இடையே 2021இல் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிகளுக்கும் ஒரே நாளில் விதிக்கப்பட்ட தடை, அவ்வாண்டு முடியுமுன்னரே கைவிடப்பட்டது. அச்சில மாதங்களில் வயலில் மீண்டும் பெருகிய பூண்டுகளைக் கண்டு கமக்காரர் தலையில் கைவைத்ததில் நியாயம் உண்டு. அப்பூண்டுகளுள் சில தம் தாயார் சமைத்த கறி என்பதை நினைத்தவர் எத்தனை பேரோ! மருந்து எந்நாளில் அடிக்கப்பட்டது என்று அறியாமல் வரம்புக் கீரையை ஆய்வது இன்று பத்திரமுமில்லை. ஆகவே அறிந்தவரும் ஆய்வதை நிறுத்தினர். அவர் நிறுத்தியபின் மகளுக்குக் காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை.

வேலியின் கதை வேறு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கில் உழைத்த பணம் ஊருக்குள் வரவர, அலம்பல் வேலிகள் மதிலாயின. மதிலில் முசுட்டை ஏறுவதில்லை. யுத்த காலத்தில் தொலைவான வட்டைகளுக்குச் செல்வது உயிராபத்தாயிற்று. பலருக்குத் தம் காணியே எட்டாக்கனியாயிற்று. 2004 திசம்பர் 26இல் எழுந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனதோடு, கரையோர வளவுகளின் கிணற்றையும் மண்ணையும் உப்பாக்கிச் சென்றது. அதற்குமுன்பே நெருக்கமாயிருந்த ஊர்கள் மேற்கே நகர்வதற்கு வயலை நிரப்புவதைத் தவிர வேறு திசை இருக்கவில்லை. இவற்றோடு வெட்டும் இயந்திரம் வந்து, கதிர் பொறுக்குவோரும் வட்டைக்குள் போகவேண்டிய தேவை அற்றது.

2022இல் எரிவாயு உருளைக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றபோது, வளவுகளில் மூன்று கல் அடுப்பு மீண்டும் எரிந்தது. முருங்கையிலையும் வேலிக்கொடியும் தேடப்பட்டன. பாரம்பரியம் திரும்பிவிட்டதென்று அப்போது மகிழ்ந்தவர்களோடு நாம் உடன்படவில்லை. அது பாணன் வீட்டுக் கதவடைப்பின் மறுபதிப்பே. உருளை கிடைத்தவுடன் பலர் அடுப்பை இடித்துவிட்டார்கள், புகையில் கண் கசிந்த எவரும் அவர்களைக் குறைசொல்ல மாட்டார். மறுபுறம், கோப்பன்ஹேகன் நகரத்தில் 2003இல் தொடங்கிய நோமா என்னும் உணவகம் காட்டிலையும் கடற்பாசியும் பரிமாறி உலகப் புகழ்பெற்றதையடுத்து, செல்வந்தர் நாடுகளில் இது ஒரு நாகரிகமாயிற்று. இவ்விரண்டைவிடவும் நமக்குப் பொருந்துவது தெலுங்கானாவின் ஜஹீராபாத் பக்கத்துக் கிராமங்களில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியைச் சேர்ந்த தலித் பெண்கள் கண்ட வழியாகும். பல தானியங்களைக் கலந்து விதைத்து நஞ்சு தெளிக்காத தங்கள் வயல்களில் தாமே முளைக்கும் கீரைகளை அவர்கள் களையென்று எண்ணாமல் விளைச்சலின் பகுதியாகவே கணக்கிட்டு, அவற்றை இனங்கண்டு பதிவும் செய்திருக்கின்றனர். அவர்கள் காப்பது கீரையையன்று, கீரை முளைக்கும் வயலை.

கரவாகு வட்டையில் அவ்வளவு தூரம் செல்வது இப்போதைக்குச் சாத்தியமில்லை. நெல்லே சீவனமாக உள்ள இடத்தில் களைநாசினியை முற்றாகக் கைவிடுமாறு யாரிடமும் கேட்கவியலாது. வயலுக்குள் தெளித்தாலும் வாய்க்காற்கரையையும் சில பெருவரம்புகளையும் தெளிக்காமல் விடலாம். அவ்வரம்புகள் இன்னவை என்று எல்லாரும் அறியும்படி குறித்தும் வைக்கலாம். போகந்தோறும் விதைப்பு நாளையும் நீர் விடும் நாளையும் மாடுகளை அகற்றும் நாளையும் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டமே இதனைத் தீர்மானிக்கத்தக்க சபை. அதில் அமர்ந்திருப்போர் காணிக்காரரும் குத்தகைக்காரரும் விதானைமாரும் உத்தியோகத்தருமே. கீரை ஆய்ந்த பெண்களுள் ஒருத்திக்கும் அங்கே கதிரை போடப்பட்டதில்லை.